இடது பக்கம் மட்டும் ஒளிர்கிறது: அதை அப்படியே எழுதலாமா?

#1 செவிப்பறை

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் ஒரு முடிவை எழுதி அனுப்பும் நேரம் வந்துவிட்டது. அதற்கு முன் உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். தவறு இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சோதனை இதுதான். 22 பேர், எல்லோரும் வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள். எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் (இரத்த ஓட்ட மாற்றத்தை வைத்து மூளைச் செயல்பாட்டைப் படமெடுப்பது) படுத்தபடி வாக்கியங்களைக் கேட்டார்கள். மூன்று வகை, வகைக்கு 60 வாக்கியங்கள். ஒன்று, தெளிவான பேச்சு. இரண்டு, வோகோடர் என்ற ஒலி மாற்றியில் போட்டு ஆறு அதிர்வெண் பட்டைகளாகக் குறைத்த பேச்சு. கரகரவென்று இருக்கும், கொஞ்சம் பழகினால் புரியும். மூன்று, அதிர்வெண்களைத் தலைகீழாகத் திருப்பிய பேச்சு (தாழ்ந்தது உயரும், உயர்ந்தது தாழும்). யாரோ பேசுவது போலவே இருக்கும், ஒரு சொல்லும் புரியாது. கருவியின் இரைச்சல் பேச்சை மூழ்கடிக்கக் கூடாது என்பதால் இடைவெளி விட்டுப் படம் எடுத்தோம்: 9 நொடிக்கு ஒரு படம், அதில் 7 நொடி அமைதி, வாக்கியம் அந்த அமைதியில்.

புரியும் பேச்சிலிருந்து (முதல் இரண்டு வகை) புரியாத பேச்சைக் (மூன்றாவது) கழித்துப் பார்த்தேன். 8 மில்லிமீட்டர் மென்மையாக்கம் (அருகருகே உள்ள மதிப்புகளைக் கலந்து சராசரியாக்குவது), வாக்ஸல் (படத்தின் மிகச் சிறிய கனத் துண்டு) வரம்பு 0.01, ஒட்டி நிற்கும் வாக்ஸல்களின் கொத்து அளவில் 0.05-க்குத் திருத்தம். இடது பக்கம் சுப்பீரியர் டெம்போரல் சல்கஸ் (மூளையின் பக்கவாட்டில் ஓடும் நீண்ட பள்ளம்) நெடுக, முன்னிருந்து பின்வரை, பெரிய கொத்து. வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

"பேச்சைப் புரிந்துகொள்வது இடது அரைக்கோளத்தில் நடக்கிறது" என்று எழுதலாமா?

#2 வரிசைமாற்றம்

சோதனையைக் கவனமாக வடிவமைத்திருக்கிறீர்கள். இடைவெளி விட்டு எடுத்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. 9 நொடி இடைவெளியில் அடுத்தடுத்த படங்களுக்கு இடையே உள்ள ஒட்டுறவு வெகுவாகக் குறைந்துவிடும். 2 நொடிக்கு ஒரு படம் எடுப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி.

மூன்று கேள்விகள். வரம்பு ஏன் 0.01? இடதையும் வலதையும் நேருக்கு நேர் ஒப்பிட்டீர்களா? தெளிவான பேச்சில் வந்த அதே வாக்கியங்கள் வேறு சிலருக்குத் திருப்பிய வடிவில் போனதா, அல்லது ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிரந்தரப் பட்டியலா?

#3 செவிப்பறை

0.01 எங்கள் குழுவில் வழக்கமாக வைப்பது. நேருக்கு நேர் ஒப்பிடவில்லை. வலதில் ஒன்றுமே வராதபோது எதற்கு ஒப்பிடுவது என்று விட்டுவிட்டேன். பட்டியல் நிரந்தரம்தான், எல்லோரும் அதே 180 வாக்கியங்களை அதே வடிவில் கேட்டார்கள்.

#4 வரிசைமாற்றம்

சரி, இடது வலதிலிருந்து தொடங்குவோம்.

உங்கள் படம் இரண்டு தனித்தனிச் செய்திகளைச் சொல்கிறது. இடதில் விளைவு வரம்பைத் தாண்டியது. வலதில் தாண்டவில்லை. "இடதில் வலதைவிட அதிகம்" என்பது மூன்றாவது செய்தி, அதை அந்தப் படம் சொல்லவே இல்லை. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

எண்ணாகப் பாருங்கள். இவை உங்கள் எண்கள் அல்ல, விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டவை. 22 பேரின் சராசரி விளைவு இடதில் 0.30, அதன் திட்டப்பிழை 0.10. டி மதிப்பு (சராசரியைத் திட்டப்பிழையால் வகுத்தது) 3.0, பி (விளைவே இல்லாதபோதும் இவ்வளவு வர வாய்ப்பு) சுமார் 0.007. வலதில் சராசரி 0.20, திட்டப்பிழை 0.11. டி மதிப்பு 1.8, பி சுமார் 0.09. ஒரு பக்கம் தேறியது, மறுபக்கம் தேறவில்லை. இப்போது வித்தியாசத்தைப் பாருங்கள்: 0.10. ஒரே ஆளின் இரு பக்கங்களுக்கும் இடையே ஒட்டுறவு 0.5 என்று வைத்தால் வித்தியாசத்தின் திட்டப்பிழை சுமார் 0.105. டி மதிப்பு ஒன்றைக்கூடத் தொடவில்லை. இடது அதிகம் என்று சொல்ல இந்த எண்களில் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் வரம்பு வைத்து வண்ணம் பூசிய படத்தில் இடது முழுக்கச் சிவப்பு, வலது வெறுமை என்றுதான் தெரியும்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்த வழுக்கல் அல்ல. 2006-இல் கெல்மனும் ஸ்டெர்னும் இதையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார்கள். 2011-இல் நியூவென்ஹுயிஸ் குழு முன்னணி நரம்பியல் இதழ்களைப் புரட்டிப் பார்த்தது. இந்தத் தவறுக்கு வாய்ப்பிருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய பாதி அதைச் செய்திருந்தன. பேச்சு ஆய்வில் இது கூடுதலாகக் கடிக்கும், ஏனென்றால் இந்தத் துறையின் பழைய கேள்வியே "எந்தப் பக்கம்" என்பதுதான்.

#5 கற்றுக்குட்டி

இடையில் ஒரு அடிப்படைக் கேள்வி, மன்னிக்கவும். வரம்பு 0.01 என்றாலும் கொத்து அளவில் 0.05-க்குத் திருத்தியிருக்கிறார்களே. எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்த செத்த சால்மன் மீனுக்கு மூளைச் செயல்பாடு தெரிந்த கதை, திருத்தாமல் விட்டதால்தானே வந்தது? இங்கே திருத்தியபின் என்ன சிக்கல்?

#6 பழைய வாக்ஸல்

நல்ல கேள்வி, மன்னிப்பு எதற்கு?

சால்மன் ஆய்வு 2009-இல் பென்னெட் குழு செய்தது. வாக்ஸல் வாக்ஸலாக 0.001 வரம்பு வைத்துவிட்டு, எத்தனை முறை சோதித்தோம் என்பதற்குக் கணக்கு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று காட்டினார்கள். மூளையில் 60,000 வாக்ஸல்கள் என்றால், ஒன்றுமே நடக்காதபோதும் சராசரியாக 60 வாக்ஸல்கள் அந்த வரம்பைத் தாண்டும். திருத்தம் போட்டதும் மீனின் செயல்பாடு மறைந்துவிட்டது. அந்தப் பாடத்தைத் துறை படித்துவிட்டது என்றே சொல்வேன். செவிப்பறையின் சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது: திருத்தம் போட்டிருக்கிறார், ஆனால் அந்தத் திருத்தம் நம்பியிருக்கும் அனுமானம் சரியா?

கொத்துத் திருத்தம் வேலை செய்யும் விதம் இது. முதலில் ஒரு வரம்பு வைத்து வாக்ஸல்களை வடிகட்டுகிறோம். மிஞ்சியவை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக நிற்கும். "வெறும் இரைச்சலில் இவ்வளவு பெரிய கொத்து வர எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்கிறோம். பதில் சொல்ல, இரைச்சல் இடத்துக்கு இடம் எப்படி ஒட்டியிருக்கிறது என்று தெரிய வேண்டும். பழைய கோட்பாடு, அந்த ஒட்டுறவு தூரத்தோடு மணி வடிவக் காஸியன் வளைவு போலச் சட்டென்று குறையும் என்றும், மூளை முழுக்க ஒரே மாதிரி என்றும் எடுத்துக்கொள்கிறது. உண்மையான தரவில் ஒட்டுறவுக்கு நீண்ட வால் இருக்கிறது. அதனால் வெறும் இரைச்சலிலேயே கோட்பாடு எதிர்பார்ப்பதைவிடப் பெரிய கொத்துகள் வருகின்றன. வரம்பு தளர்வாக இருந்தால் கொத்து விரிந்து பரவும், அப்போது இந்தப் பிழை இன்னும் பெரிதாகும்.

2016-இல் எக்லண்ட், நிக்கோல்ஸ், நுட்சன் மூவரும் இதை நேரடியாகச் சோதித்தார்கள். ஓய்வாகப் படுத்திருந்த 499 நலமானவர்களின் படங்களை எடுத்துக்கொண்டு, இல்லாத ஒரு வேலையை இருப்பதாக வைத்து எஸ்பிஎம், எஃப்எஸ்எல், ஏஎஃப்என்ஐ என்ற மூன்று பகுப்பாய்வு மென்பொருள்களிலும் இலட்சக்கணக்கான குழுப் பகுப்பாய்வுகளை ஓட்டினார்கள். 5 சதவீதம் வர வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பு சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போனது. மோசமானவை 0.01 வரம்பில்தான். 0.001-க்கு இறுக்கியபோது வெகுவாகக் குறைந்தது. தரவையே மாற்றி மாற்றி அடுக்கி ஒப்பிடும் வரிசைமாற்றச் சோதனை பெரும்பாலும் சரியாக நின்றது.

ஆகவே செவிப்பறை, முதல் வேலை 0.001-க்குப் போங்கள். முடிந்தால் வரிசைமாற்றத்தின் ஒரு வகையான குறிமாற்றச் சோதனையாகவே செய்யுங்கள். விளைவு இல்லையென்றால் ஒவ்வொருவரின் ஒப்பீட்டுப் படத்திலும் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இடம் மாறினாலும் ஒன்றுதான். 22 பேருக்கு 41,94,304 விதமாகக் குறி மாற்றலாம். அதில் ஐயாயிரம் பத்தாயிரம் எடுத்தால் போதும். ஒவ்வொரு முறையும் மூளையிலேயே பெரிய கொத்தின் அளவைக் குறித்து வையுங்கள். உங்கள் உண்மையான கொத்து அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பதே விடை. இரைச்சல் இடத்துக்கு இடம் எப்படி ஒட்டியிருக்கிறது என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை, அது சுழியத்தின் இரு புறமும் சமச்சீராக இருக்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று. இடது கொத்து "முன்னிருந்து பின்வரை" என்று எழுதியிருந்தீர்கள். கொத்துச் சோதனை சொல்வது, அந்தக் கொத்துக்குள் எங்கோ விளைவு இருக்கிறது என்பதை மட்டும்தான். முன்பகுதியில் இருக்கிறது, பின்பகுதியில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் உரிமையை அது தராது. பேச்சு ஆய்வில் முன்பகுதியா பின்பகுதியா என்பதே பெரிய சண்டையாக இருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

#7 கற்றுக்குட்டி

கொத்து முழுக்க உண்மை என்றே இத்தனை நாள் படித்து வந்தேன். நன்றி.

#8 ஒலியன்

நான் புள்ளியியல்காரன் அல்ல, ஒலியியல் பக்கத்து ஆள். எனக்கு உறுத்துவது மூன்றாவது கேள்வி, அதை யாரும் இன்னும் தொடவில்லை.

180 வாக்கியங்கள் நிரந்தரமாக மூன்று பட்டியல்களில் என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் ஒப்பிடுவது புரியும் பேச்சையும் புரியாத பேச்சையும் மட்டுமல்ல, இந்த 120 வாக்கியங்களையும் அந்த 60 வாக்கியங்களையும்கூட. முதல் பட்டியலில் வாக்கியங்கள் சற்று நீளமாக இருந்திருக்கலாம். குரல் சற்று ஏறி இறங்கியிருக்கலாம். செவிப்புலப் புறணி இதற்கெல்லாம் அசையும். 22 பேரும் அதே வாக்கியங்களைக் கேட்டதால் 22 பேரின் மூளையும் ஒரே திசையில் அசையும். கணினி அதை "எல்லோரிடமும் மாறாமல் வரும் விளைவு" என்று எடுத்துக்கொண்டு உயர்ந்த டி மதிப்பைத் தரும்.

மொழி ஆய்வில் இது பழைய எச்சரிக்கை. 1964-இல் கோல்மன் சொன்னார், 1973-இல் ஹெர்பர்ட் கிளார்க் இன்னும் உரக்கச் சொன்னார்: மனிதர்களை மாதிரியாக எடுப்பது போலத்தான் சொற்களையும் வாக்கியங்களையும் எடுக்கிறோம், இரண்டு மாதிரிகளின் ஏற்றத்தாழ்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூளைப் படங்களுக்கு இதை வெஸ்ட்ஃபால், நிக்கோல்ஸ், யார்கோனி மூவரும் 2016-இல் கொண்டுவந்து, தூண்டல்களின் மாறுபாட்டைச் சேர்த்தால் பல டி மதிப்புகள் எவ்வளவு சுருங்குகின்றன என்று காட்டினார்கள். நம் பேச்சு ஆய்வாளர்கள் நடத்தைச் சோதனையில் இதைத் தவறாமல் செய்கிறோம். அதே வாக்கியங்களை எடுத்துக்கொண்டு கருவிக்குள் போனதும் மறந்துவிடுகிறோம். எனக்கு அது வருத்தம் தருகிறது.

#9 செவிப்பறை

இது என்னைக் கலக்கிவிட்டது. இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துப் படம் எடுத்தால் சரியாகுமா? கருவி நேரம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

#10 ஒலியன்

ஆகாது. ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் அந்த 180 வாக்கியங்கள் அதேதான். ஆட்களைச் சேர்த்தால் இந்த வாக்கியங்களுக்கான விடை துல்லியமாகும். நீங்கள் எழுத நினைப்பதோ பேச்சு பற்றி.

#11 வரிசைமாற்றம்

ஒலியன் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் கையில் இருக்கும் தரவில் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. உங்கள் முறையில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு படம். எனவே ஒரு பகுதியின் சராசரியை எடுத்தால் ஆளுக்கு 180 எண்கள், ஒவ்வொன்றுக்கும் வாக்கியத்தின் அடையாளம் ஒட்டியே இருக்கும். ஆளையும் வாக்கியத்தையும் குறுக்கும் நெடுக்குமான சமவாய்ப்புக் காரணிகளாக வைத்து, அதாவது இரண்டுமே பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரிகள் என்று கொண்டு, ஒரு கலப்பு மாதிரியைப் பொருத்துங்கள். தொடர்ந்து படம் எடுப்பவர்களுக்கு இது மிகக் கடினம், ஏனென்றால் இரத்த ஓட்டத்தின் எதிர்வினை உச்சம் தொட 5, 6 நொடிகள் ஆகும், ஒரு வாக்கியத்தின் வால் அடுத்ததன் மேல் விழும்.

பகுதியை எங்கிருந்து எடுப்பது என்பதில் கவனம். இதே ஒப்பீட்டில் வந்த கொத்தை எடுத்து அதற்குள் இதே ஒப்பீட்டை அளக்காதீர்கள். இரைச்சல் தற்செயலாகத் தூக்கிவிட்ட வாக்ஸல்களைத்தான் முதலில் பொறுக்கியிருப்போம், அதே தரவை மறுபடி அளந்தால் விளைவு ஊதிப்போய்த்தான் தெரியும். உடற்கூற்று வரைபடத்திலிருந்தோ தனிச் சோதனையிலிருந்தோ பகுதியை எடுங்கள். இடதுக்கும் வலதுக்கும் ஒரே விதி.

வாக்ஸல் வாக்ஸலாக இரு பக்கத்தையும் ஒப்பிட நினைத்தால் படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிக் கழிக்கலாம், ஆனால் முதலில் சமச்சீரான வார்ப்புருவுக்கு (இரு பக்கமும் ஒரே வடிவில் உள்ள பொது மூளைப் படம்) கொண்டுவர வேண்டும். செவிப்புலப் பகுதி இரு பக்கமும் ஒரே வடிவில் இல்லை. 1968-இல் கெஷ்விண்டும் லெவிட்ஸ்கியும் 100 மூளைகளை அளந்தபோது, 65-இல் பிளானம் டெம்போராலே என்ற செவிப்புலப் பகுதி இடதில் பெரிதாக இருந்தது.

#12 பழைய வாக்ஸல்

இங்கே நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். நீங்கள் இருவரும் சொல்வது சரியே. ஆனால் பூட்டுக்கு மேல் பூட்டாகப் போட்டுக்கொண்டே போனால் உண்மையான விளைவும் வெளியே வராது. 22 பேர், 0.001, வாக்கிய மாறுபாடு, இடம் வலம் நேரடி ஒப்பீடு என்று எல்லாம் சேர்ந்தால் கடைசியில் "எதுவும் சொல்ல முடியவில்லை" என்று எழுத வேண்டிவரும். வலது பக்கத்தை நாம் இழந்ததே இப்படி வரம்பு வைத்துத்தானே?

வரலாற்றைப் பாருங்கள். 2000-இல் சோஃபி ஸ்காட் குழு பெட் முறையில் (கதிரியக்கப் பொருளைக் கொண்டு மூளையைப் படமெடுப்பது), இதே போலத் திருப்பிய பேச்சையும் வோகோடர் பேச்சையும் வைத்து, அந்த இடது சல்கஸின் முன்பகுதியைக் காட்டினார்கள். அருமையான வடிவமைப்பு, இன்றும் நாம் அதைத்தான் பின்பற்றுகிறோம். 2010-இல் ஒகாடா குழு எஃப்எம்ஆர்ஐயில் அதே வகைத் தூண்டல்களை வைத்துச் செய்தபோது இரு பக்கமும், முன்னும் பின்னும் வந்தது. ஹிக்கக், போப்பல் இருவரும் 2007-இல் முன்வைத்த மாதிரியிலும் பேச்சொலியை அடையாளம் காண்பது இரு பக்க வேலைதான். ஒலி கேட்கும், சொல் மட்டும் புரியாது என்ற அரிய நிலையில் பலருக்கு இரு பக்கமும் சேதம் இருந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வலதில் "ஒன்றுமே இல்லை" என்று எழுதினால் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

#13 வரிசைமாற்றம்

வலதைக் காப்பாற்ற வரம்பைத் தளர்த்த வேண்டியதில்லையே. வரம்புக்கு முந்தைய முழுப் படத்தையும் வெளியிட்டால் போதும். விளைவின் அளவு ஒரு நிறமாகவும் நம்பகம் அதன் அடர்த்தியாகவும் தெரியும்படி வரையலாம். வலதில் மங்கலாக இருப்பது மங்கலாகவே தெரியும், இல்லை என்று ஆகாது.

2020-இல் வெளிவந்த பெரிய ஒப்பீட்டையும் பாருங்கள். ஒரே எஃப்எம்ஆர்ஐ தரவை 70 குழுக்களிடம் கொடுத்து 9 கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுக்களும் ஒரே பகுப்பாய்வு வழியில் போகவில்லை, ஆம் இல்லை என்ற முடிவுகளும் பல இடங்களில் பிரிந்தன. ஆனால் வரம்புக்கு முந்தைய படங்களை வைத்துப் பார்த்தபோது பெரும்பாலான குழுக்களுக்குள் நல்ல ஒற்றுமை இருந்தது. முடிவுகள் அவ்வளவு தூரம் பிரியக் காரணம் பெரும்பாலும் கடைசியில் கோடு கிழித்த விதம்தான்.

#14 பழைய வாக்ஸல்

முழுப் படத்தை வெளியிடுவதில் எனக்கு முழு உடன்பாடு. அது நடந்தால் என் எதிர்ப்பில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி நிற்கிறது: சிறிய மாதிரியில் "வித்தியாசம் தெரியவில்லை" என்பதை "இரு பக்கமும் சமம்" என்று யாராவது படித்துவிடுவார்கள்.

#15 வரிசைமாற்றம்

அதற்கு நம்பக இடைவெளியை எழுத வேண்டும். வித்தியாசம் எவ்வளவு வரை இருக்கலாம் என்று வாசகருக்குத் தெரிந்தால் சமம் என்று படிக்க மாட்டார்.

#16 செவிப்பறை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன்.

0.001 வரம்பும் குறிமாற்றமும் வைத்தபோது இடது கொத்து சுருங்கி, நடுவிலும் முன்னிலும் இரண்டாகப் பிரிந்தது, இரண்டுமே தேறின. பின்பகுதி போய்விட்டது. வலதில் இப்போதும் எதுவும் தேறவில்லை. ஆனால் வரம்பில்லாத படத்தைத் திறந்து பார்த்தால் இடதில் இருக்கும் அதே இடத்தின் நிழல் போல வலதில் ஒரு மங்கலான பட்டை. அதை முன்பு நான் பார்த்ததே இல்லை, வரம்பு வைத்த படத்தை மட்டும்தான் இத்தனை மாதமாகத் திறந்துகொண்டிருந்தேன். உடற்கூற்றுப் பகுதியில் இடது வலது வித்தியாசத்தின் 95 சதவீத இடைவெளிக்குள் சுழியம் விழுகிறது.

வாக்கியத்தையும் காரணியாகச் சேர்த்ததும் புரிதல் விளைவின் இடைவெளி நன்றாக அகன்றுவிட்டது, இடதில் மட்டும் சுழியத்தைத் தொடாமல் நிற்கிறது. வாக்கியம் வாக்கியமாக மதிப்புகளை வரிசைப்படுத்தி மேலிருந்து கேட்டுக்கொண்டே போனேன். மேலே நின்றவற்றில் கேள்வி வாக்கியங்கள் நிறைய. எண்ணிப் பார்த்தால் தெளிவான பட்டியலில் 11 கேள்விகள், திருப்பிய பட்டியலில் 2. வாக்கியங்களைத் தொகுத்தது நானே. நீளத்தைச் சமன் செய்தேன், சொற்களின் பழக்கத்தைச் சமன் செய்தேன். இது தோன்றவே இல்லை.

#17 ஒலியன்

சகோதரி, வாக்கியங்களை ஒவ்வொன்றாகக் கேட்டீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். பலர் மாதிரியைப் பொருத்தியதோடு நின்றுவிடுவார்கள்.

கேள்விகளை ஒரு துணை மாறியாகச் சேர்த்துப் பாருங்கள், ஆனால் அதை முழுத் தீர்வாக நம்பாதீர்கள். திருப்பிய பேச்சிலும் குரலின் ஏற்ற இறக்கம் ஓரளவு காதில் விழும். 2 கிலோஹெர்ட்ஸை அச்சாக வைத்துத் திருப்பினாலும் இணக்க அலைகளின் (குரலின் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) இடைவெளி அப்படியே இருப்பதே காரணம். வோகோடரில் அது ஏறக்குறைய அழிந்துவிடும். ஆக, கேள்வியின் விளைவே மூன்று வகையிலும் வேறு வேறாக இருக்கும். திருப்பிய பட்டியலில் இருக்கும் 2 கேள்விகளை வைத்து அதைப் பிரிக்க முடியாது.

நேரம் மிச்சம் இருக்கிறது என்றீர்களே, அதை ஆட்களைக் கூட்டுவதில் செலவிடாமல் வடிவமைப்பை மாற்றுவதில் செலவிடுங்கள். 180 வாக்கியங்களையும் மூன்று வடிவிலும் தயாரியுங்கள். சீட்டுக் குலுக்கி மூன்று தொகுதிகளாகப் பிரியுங்கள். முதல் குழுவுக்கு முதல் தொகுதி தெளிவாக, இரண்டாம் குழுவுக்கு அதுவே வோகோடரில், மூன்றாம் குழுவுக்குத் திருப்பி. ஒருவர் ஒரு வாக்கியத்தை ஒரு முறைதான் கேட்பார். இது கட்டாயம். தெளிவாகக் கேட்ட வாக்கியத்தை அப்புறம் வோகோடரில் கேட்டால் சட்டென்று புரிந்துவிடும், உங்கள் அளவீடு கெட்டுப்போகும். ஆட்கள் மூன்றால் வகுபட வேண்டும், எனவே 24.

#18 வரிசைமாற்றம்

அப்படிச் செய்தால் வாக்கியத்தின் சொந்த ஏற்றத்தாழ்வு ஒப்பீட்டிலிருந்து கழிந்துவிடும். வாக்கியத்துக்கு வாக்கியம் புரிதல் விளைவு மாறுவது மட்டும் மிஞ்சும், அதை மாதிரியில் வையுங்கள். பழைய தரவையும் தூக்கி எறிய வேண்டாம். அதில் தேறிய இரண்டு கொத்துகளையும், வலதில் அவற்றின் கண்ணாடி இடங்களையும் இப்போதே பகுதிகளாகக் குறித்துப் பதிவு செய்துவிட்டு, புதிய தரவில் அளந்து பாருங்கள்.

#19 செவிப்பறை

வழிகாட்டியிடம் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார். பழைய தரவுக்கான வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"இந்த வாக்கியங்களில், புரியும் பேச்சுக்கு இடது சுப்பீரியர் டெம்போரல் சல்கஸின் நடு, முன் பகுதிகளில் கூடுதல் எதிர்வினை காணப்பட்டது. வலது பக்கத்தில் அதே திசையில் சிறிய விளைவு தெரிகிறது. இரு பக்கங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை இத்தரவு தீர்மானிக்கவில்லை. வாக்கிய வகை மூன்று பட்டியல்களிலும் சமமாக இல்லை."

கடைசி வரியை எழுதும்போது கை தயங்கியது, எழுதிவிட்டேன். முழுப் படங்களையும் வாக்கியப் பட்டியலையும் ஒலிக்கோப்புகளோடு பொதுவில் ஏற்றுகிறேன். புதிய பதிவுக்கு அதே பேச்சாளர் வருகிறார். இந்த முறை கேள்வி வாக்கியமே இல்லை, 180-உம் செய்தி வாக்கியங்கள்.

#20 ஒலியன்

பதிவு முடிந்ததும் மூன்று வடிவிலும் ஐந்தைந்து கோப்புகளை இங்கே போடுங்கள். ஹெட்ஃபோன் வைத்துக் கேட்டுச் சொல்கிறேன்.